ஃப்ளோரன்ஸ் டீச்சரும் புருஷன்மார் டிரில்லும்

சாந்தோமில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் டீச்சராக இருந்த ஃப்ளோரன்ஸுக்குக் கல்யாணமாகி நாலு வருஷமாகியும் வயிற்றில் ஒரு புழு பூச்சி உண்டாகவில்லை. அவளுடைய விசிலும் கான்வாஸ் பூட்ஸும்தான் இதற்குக் காரணம் என்று தெருவில் எல்லோரும் ஒருமனதாக முடிவு கட்டியிருந்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வாக்கில் மயிலாப்பூர் வட்டாரத்திலேயே குதித்துச் சம்பளம் வாங்குகிற பெண் அவள் ஒருத்திதான். வெள்ளைச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டி, இடுப்பில் தோல் பெல்ட் ஒன்றை இறுக்கிக்கொண்டு, கழுத்தில் விசில் தொங்க அவள் நடந்துபோனால் சாந்தோம் ஹை ரோட்டில் ரிக்ஷாக்காரர்கள் தாமாகவே ஓரம் கட்டுவார்கள். குரல் அதற்கும் மேலே. பள்ளிக்கூட மைதானத்தில் நின்று அவள் "அட்டென்ஷன்!" என்று ஒரு சத்தம் போட்டால் மதிலுக்கு வெளியே போகிற மாட்டு வண்டி நின்றுவிடும். பிறகு "ஸ்டாண்ட் அட் ஈஸ்" என்று அவள் சொல்கிறவரை மாடு நகராது என்று வண்டிக்காரர்கள் வாட்ச்மேனிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள்.

அவள் புருஷன் ராஜநாயகம் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. தெருக்கோடியில் இருந்த சின்ன மாதா கோயிலில் பாட்டுக் குழுவின் கட்டைக் குரல் அவருடையது. ஆளும் குரலுக்குத் தகுந்த ஆள். அவர் குனிந்து தம் பூட்ஸ் கயிற்றைக் கட்டி யாரும் பார்த்ததில்லை. காலையில் ஃப்ளோரன்ஸ் கட்டிவிடுவாள், சாயங்காலம் அவளே அவிழ்த்துவிடுவாள். நடுவில் அவிழ்ந்தால் அவிழ்ந்தபடியே நடந்து வருவார்.

வீட்டில் மூன்றாவது ஆள் லூயிசா அத்தை. ராஜநாயகத்தின் அப்பாவோடு பிறந்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், கோயில் துணிமணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுப்பதை ஊழியமாக எடுத்துக்கொண்டவள். பிள்ளை ஏன் பிறக்கவில்லை என்பதற்கு அத்தையிடம் ஒரு சாஸ்திரமே இருந்தது.

"குதிச்சுக் குதிச்சு உள்ள இருக்கறதெல்லாம் எடம் மாறிப் போச்சுடி. கர்ப்பப்பை இந்நேரத்துக்குத் தோள்பட்டைக்கு வந்திருக்கும்."

"தோள்பட்டையில வலி ஒண்ணும் இல்லையே அத்தை" என்பாள் ஃப்ளோரன்ஸ். வேடிக்கையாகச் சொல்வாளே தவிர, குளிக்கும்போது ஒருநாள் தோள்பட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசியில் மூன்று பேருமாக ராயப்பேட்டையில் தனியாக டிஸ்பென்சரி வைத்திருந்த வெள்ளைக்கார லேடி டாக்டரிடம் போனார்கள். அந்தம்மாள் ஊர்விட்டு ஊர் வந்து வேதபுத்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவள். ஆகையால் பேசினால் பிரசங்கம் மாதிரி இருக்கும். ஃப்ளோரன்ஸை உள்ளே அழைத்துப் போய் நிதானமாகச் சோதித்துவிட்டு வெளியே வந்தாள்.

"உம்முடைய மனைவி மிகவும் சுகமாயிருக்கிறாள்" என்றாள் ராஜநாயகத்தைப் பார்த்து.

நல்ல செய்தி சொல்கிறவர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று ராஜநாயகம் எழுந்தார். கைவைத்த நாற்காலியும் அவரோடு எழுந்தது. லூயிசா அத்தை அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து விடுவித்தாள். டாக்டரம்மாள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீரோ சுகமாயில்லை" என்றாள். "பிள்ளை வேண்டுமென்றால் முதலில் இருவர் தேகமும் பலப்பட வேண்டும். அவள் குதிக்கிறாள், நல்லது, குதிக்கட்டும். நீர் அதிகாலையில் எழுந்து ஓடக்கடவீர். நெய்யை விட்டு விலகுவீராக."

வருகிற வழியெல்லாம் அத்தைக்கு ஆறவில்லை. "பிள்ளை பெத்துக்கப் போறது அவளா, நீயாடா? சமையல்காரனுக்குப் பசிச்சா விருந்தாளிக்கா மருந்து குடுப்பாங்க?" என்று கேட்டாள். கேள்வி யாருக்கும் சரியாகப் புரியவில்லை. ஆனால் ஃப்ளோரன்ஸுக்குப் பெரிய நிம்மதி. நாலு வருஷமாக ஊரே அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போதுதான் முதல் தடவையாக ஒருத்தி பார்வையைப் புருஷனின் வயிற்றுப் பக்கம் திருப்பியிருந்தாள்.

மறுநாள் விடியும்போதே அவள் புருஷனைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குப்பத்து ஆட்கள் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். ஃப்ளோரன்ஸ் விசிலை ஊதினாள். "ஆர்ம்ஸ் அப்! நீஸ் பெண்ட்!" ராஜநாயகம் முழங்காலை மடக்கினார். மடக்கினவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து தூக்கி நிறுத்தினார்கள். மறுபடி விசில், மறுபடி உட்கார்ந்தார், மறுபடி தூக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் குப்பம் முழுக்க வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது.

குப்பத்தில் பிரசவம் பார்க்கிற முனியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "இன்னாம்மா டீச்சரு, இந்தாளு இன்னா தப்பு பண்ணாரு? வயசான மன்சன இப்டி தண்டிக்கிறியே!"

"தப்பு ஒண்ணும் பண்ணல. உடம்பு எளைக்கணும்."

"எளைச்சா?"

"குழந்தை பொறக்குமாம். டாக்டரம்மா சொன்னாங்க."

முனியம்மாள் ராஜநாயகத்தின் வயிற்றை மேலும் கீழும் பார்த்தாள். "இப்பவே ஏளாம் மாசங்கணக்கா கீதேம்மா" என்றாள்.

சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. ராஜநாயகம் அன்றைக்கே விட்டுவிடுவார் என்றுதான் ஃப்ளோரன்ஸ் நினைத்தாள். அவர் விடவில்லை. அலுவலகத்தில் அவரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை, கோயிலிலும் கடைசி வரிசை. இங்கே ஒரு குப்பமே தமக்காகக் கூடுகிறதே என்று அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். தினமும் வந்தார். மெதுவாக ஓடினார், பிறகு நிஜமாகவே ஓடினார். நெய் போயிற்று, மத்தியானத் தூக்கம் போயிற்று, கழுத்துச் சதை போயிற்று. கூடவே கட்டைக் குரலும் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர் வாயைத் திறந்தபோது கீச்சென்று வேறு யாருடைய குரலோ வந்தது. பாட்டு வாத்தியார் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். போன குரலுக்குப் பதிலாக ராஜநாயகத்துக்கு இன்னொன்று கிடைத்தது. ஒரு நாள் காலையில் அவர் தாமே குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினார். கட்டி அவிழ்த்து, அவிழ்த்துக் கட்டி, அன்றைக்கு டிராமைத் தவறவிட்டார்.

அடுத்த மாதமே ஃப்ளோரன்ஸ் பள்ளிக்கூட மைதானத்தில் "லெஃப்ட், ரைட்" சொல்லிக்கொண்டிருக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினாள். பிள்ளைகள் டீச்சர் ஏதோ புதுப் பயிற்சி சொல்லித் தருகிறார் என்று எண்ணி அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள்.

சேதி மயிலாப்பூர் முழுக்கப் பரவிற்று. வாந்தி எடுத்தது அவள், வயிறு வளர்ந்தது அவளுக்கு, ஆனால் பேர் கிடைத்தது ராஜநாயகத்துக்கு. "ஓடியே பிள்ளை உண்டாக்கின மனுஷர்" என்று குளத்தங்கரையில் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் விடியற்காலையில் பஞ்சகச்சமும் திருநீறுமாக ஒருவர் கடற்கரையில் வந்து நின்றார். வடக்கு மாட வீதியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்த சந்திரமௌலி.

"அம்மா, தப்பா எடுத்துக்கப்படாது. எங்காத்துல ராமேஸ்வரம் போயிட்டு வந்தாச்சு. அரசமரம் சுத்தியாச்சு. நாகப் பிரதிஷ்டை பண்ணியாச்சு. பாக்கி இருக்கறது குதிக்கறது ஒண்ணுதான்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் லஸ் முனையில் அத்தர்க் கடை வைத்திருந்த ஷரஃபுதீன் வந்து சேர்ந்தார். "நாங்க நாகூர் போய் வந்தோம் டீச்சரம்மா. துவா எல்லாம் கேட்டாச்சு. அல்லா குடுக்குறான், அது சரி. வாங்கிக்கற கை பலமா இருக்கணும் இல்லியா?" என்றார்.

ஃப்ளோரன்ஸ் இருவரையும் பார்த்தாள். ஒருவருக்குத் தொந்தி முன்னால், இன்னொருவருக்குப் பக்கவாட்டில். அவர்கள் முகத்தில் இருந்த ஏக்கம் மட்டும் ஒரே மாதிரி. அந்த ஏக்கம் அவளுக்குத் தெரிந்ததுதான். விசிலை ஊதினாள்.

இப்படித்தான் 'புருஷன்மார் டிரில்' தொடங்கிற்று. பேர் வைத்தது குப்பம். பிறகு பட்டாளமாக வந்தார்கள். மந்தைவெளியிலிருந்து வந்தார்கள், அடையாற்றைத் தாண்டி வந்தார்கள். ஒன்பது பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒரு டிராம் கண்டக்டர் வெறுமனே தொந்தி குறைந்தால் போதும் என்று வந்தார். மூன்றாம் நாள் அவர் மனைவி தலைவிரி கோலமாகக் கடற்கரைக்கு ஓடி வந்து, "இந்த ஆளைச் சேக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று ஃப்ளோரன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுது, புருஷனைக் காதைப் பிடித்து இழுத்துப் போனாள்.

பள்ளிக்கூடத்தை நடத்திய கன்னியாஸ்திரீ மதர் கூப்பிட்டனுப்பினார்.

"மிசஸ் ராஜநாயகம், நீர் இந்த நிலைமையில் கடற்கரையில் ஆண்பிள்ளைகளை ஆட்டி வைப்பதாகக் கேள்விப்பட்டேன்."

"அவங்க எல்லாரும் கல்யாணமானவங்க மதர்."

"எல்லோருமா?"

"அதுதான் மதர் அவங்க கஷ்டமே."

மதர் வாயைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பின்னால் சிரித்தாரா என்பது தெரியவில்லை. பிள்ளை பிறந்து உடம்பு தேறுகிறவரை லீவு கொடுத்தார். "ஆனால் திரும்பி வரும்போது டிரில் டீச்சராக வர வேண்டும். அந்த பெல்ட் இடுப்பில் ஏற வேண்டும்" என்றார்.

"ஏறும் மதர்" என்றாள் ஃப்ளோரன்ஸ். அதைவிடச் சுலபமான காரியம் உலகத்தில் இல்லை என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

மாதம் ஏற ஏற லூயிசா அத்தை அவளை வீட்டுக்குள் அடைத்து வைக்கப் பார்த்தாள். முனியம்மாள் வந்து, "நடக்கணும் அத்தே. நடந்தாத்தான் புள்ள எறங்கும். பட்த்துக்கினே இருந்தா அதுவும் பட்த்துக்கும்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே ஃப்ளோரன்ஸ் தினமும் மெல்ல நடந்து போய், கரையில் இழுத்துப் போட்ட கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு விசில் ஊதினாள்.

வலி வந்ததும் அந்தக் கட்டுமரத்தின் மேல்தான். "ஒன்... டூ..." என்று எண்ணிக்கொண்டிருந்தவள் "த்ரீ" வரவேண்டிய இடத்தில் "ஆஆ" என்று அலறினாள். எதிரே நின்ற புருஷன்மார் அத்தனை பேரும் இரண்டு கையையும் வானத்தை நோக்கித் தூக்கினார்கள். அவள் அலறலை நிறுத்தவில்லை. அவர்களும் கையை இறக்கவில்லை.

"டீச்சரம்மா, இறக்கலாமா? தோள் கழலுது" என்றார் ஷரஃபுதீன்.

முனியம்மாள் எங்கிருந்தோ ஓடி வந்தாள். "அடப் பாவிங்களா! அவ்ங்களுக்கு வலி எட்த்துக்கினு கீது, நீங்க கைய தூக்கிக்கினு நிக்கிறீங்களே! தூக்குங்க அவ்ங்கள!"

ராஜநாயகத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம், "குவிக் மார்ச்!" அவ்வளவுதான். ஃப்ளோரன்ஸ் முனியம்மாளின் தோளில் சாய்ந்துகொண்டு நடந்தாள். அவள் பின்னால் புருஷன்மார் இரட்டை வரிசையில் "லெஃப்ட், ரைட், லெஃப்ட்" என்று நடந்தார்கள். சாந்தோம் ரோட்டில் எதிரே வந்த ஒரு பெரியவர் ஏதோ பெரிய இடத்துச் சாவு என்று நினைத்துத் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். வலிக்கு நடுவிலும் ஃப்ளோரன்ஸ் அதைக் கவனித்தாள். கோபமாக வந்தது. பிறகு அடுத்த வலி வந்ததால் மறந்துபோனாள்.

வீட்டு வாசலில் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆகையால் அவர்கள் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். தெரு அதிர்ந்தது. லூயிசா அத்தை கதவைத் திறந்து "ஐயோ மாதாவே!" என்று கத்திவிட்டுச் சாத்தினாள். வெயில் ஏறிற்று. சந்திரமௌலிக்குக் கச்சம் அவிழ்ந்து விழப் போயிற்று. ஒரு வழியாக உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து, களைத்துப்போய், ஆனாலும் மதில் தாண்டிக் கேட்கிற குரலில் ஒரு சொல்:

"டிஸ்மிஸ்!"

பெண் குழந்தை. தாய் ஆனதும் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பிரசவம் வரை எல்லாம் அவள் சொன்னபடி கேட்ட உடம்பு, பிரசவத்துக்குப் பின் யாருடைய உடம்போ ஆகிவிட்டது. அத்தை அவளை அசைய விடவில்லை. விடிந்தால் நல்லெண்ணெயில் பொரித்த முட்டை, பிறகு லேகியம், பிறகு உரித்த பூண்டு, பிறகு கோழிச் சாறு, கோழிச் சாறு இறங்குவதற்குள் மறுபடி லேகியம். "பச்ச உடம்புக்காரி" என்று சொல்லிச் சொல்லியே வாயில் திணித்தாள். ஒருநாள் அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்து ஃப்ளோரன்ஸ் பெட்டியிலிருந்து பெல்ட்டை எடுத்து இடுப்பில் சுற்றிப் பார்த்தாள். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நடுவில் ஒரு சாண் இடைவெளி.

படுக்கையிலிருந்து கையூன்றாமல் எழ முயன்றாள். முடியவில்லை. சக்கரம் போலக் கரணம் போட்டவள். வயிற்றுக்குள் பிடிப்பு என்று எதுவுமே இல்லை, நனைந்த தலையணை மாதிரி இருந்தது. குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். ராஜநாயகம் அதைப் பார்த்துவிட்டார். தேற்றுவதாக நினைத்துக்கொண்டு அவளுடைய விசிலை எடுத்துத் தம் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "ஃப்ளாரி, அழாதே. ஹேண்ட்ஸ் ஆன் ஹிப்ஸ்!" என்றார். அவள் கையில் அகப்பட்ட லேகியக் கிண்ணம் அவர் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதிற்று.

குழந்தையைப் பார்க்க வந்த லேடி டாக்டர் சுவரில் இருந்த லேகியத்தைப் பார்த்தாள், விஷயத்தைக் கேட்டாள். "மகளே, அவசரப்படாதே. முதலில் மூச்சை ஆழமாக இழுத்து வயிற்றை உள்ளே சேர்ப்பாயாக. பிறகு நடப்பாயாக. சில மாதங்கள் துள்ளாதிருப்பாயாக. ஒன்பது மாதம் விரிந்தது ஒன்பது நாளில் சுருங்காது" என்றாள்.

மூச்சு என்றதும் ஃப்ளோரன்ஸுக்குப் பிடி கிடைத்தது. மூச்சை இழு, அடக்கு, விடு. பள்ளிக்கூடத்தில் தினமும் சொல்லிக் கொடுத்ததுதானே. ஆனால் அப்போது அவள் வயிற்றைச் சுற்றி முனியம்மாள் பழைய சேலை ஒன்றை இறுக்கிக் கட்டியிருந்தாள். ஃப்ளோரன்ஸ் மூச்சை இழுத்து அடக்கினாள். சேலை டர்ரென்று கிழிந்தது. இன்னொரு சேலை கட்டினார்கள். அதுவும் கிழிந்தது. ராஜநாயகத்தின் வேஷ்டி, ஜன்னல் திரை, எல்லாம் கிழிந்தன.

"இது இன்னா ஒடம்போ, இன்னா மூச்சோ! நல்லா கெட்டித் துணியா வேணும் அத்தே" என்றாள் முனியம்மாள்.

லூயிசா அத்தை வெகு நேரம் யோசித்தாள். பிறகு துவைப்பதற்காகக் கோயிலிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த மூட்டையை அவிழ்த்தாள். பன்னிரண்டு முழம் நீளம், நல்ல தடித்த துணி, ஓரம் நீலம். "மாதா துணிடி. உனக்கு ஒரு குறையும் வராது" என்று சுற்றிச் சுற்றிக் கட்டி, முனையை ஊசிநூலால் தைத்தும் விட்டாள். ஏதோ பீடத்துத் துணியாக்கும் என்று ஃப்ளோரன்ஸ் இருந்துவிட்டாள். அவள் எவ்வளவு மூச்சடக்கியும் அது கிழியவில்லை. முதுகு நிமிர்ந்தது. கையூன்றாமல் எழுந்தாள். கட்டை அவிழ்க்க அவளுக்கே மனமில்லை.

பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் கழித்துக் கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் ஆசீர்வாதம் வாங்க வேண்டும். அந்த நாளும் மாதா திருவிழாக் கொடியேற்றமும் ஒரே சாயங்காலத்தில் வந்தன. பேண்டு வாத்தியம் தயார். கொடிமரத்தைச் சுற்றி ஜனம். ஷரஃபுதீனும் சந்திரமௌலியும் டீச்சரம்மாளைப் பார்க்கலாம் என்று டிரில் தோழர்களோடு வேலிக்கு வெளியே நின்றிருந்தார்கள். சாமியார் கொடியை மந்திரித்து ஆசீர்வதிக்கக் கையை நீட்டினார். கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை கொடிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

"கொடி எங்கே?"

"லூயிசாம்மா துவைக்க எடுத்துக்கிட்டுப் போனாங்களே சாமி!"

எல்லோரும் லூயிசா அத்தையைப் பார்த்தார்கள். அத்தை ஃப்ளோரன்ஸின் இடுப்பைப் பார்த்தாள். ஃப்ளோரன்ஸ் தன் இடுப்பைத் தானே பார்த்தாள். பீடத்துக்கு எதற்கு இவ்வளவு நீளமாகத் துணி என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அத்தை! இது..."

"பேசாம வாடி."

கோயிலுக்குப் பின்னால் பூசை உடுப்பு வைக்கிற அறைக்குள் அவளைத் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அத்தை தையலைப் பல்லால் கடித்து அறுத்தாள். முனையைப் பிடித்து இழுத்தால் கட்டு இன்னும் இறுகியது. சுற்றியதைச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். வெளியே பேண்டுக்காரர்கள் நேரம் போக்க ஒரே உருப்படியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். கதவோரம் நின்ற ராஜநாயகத்துக்குத் தம்மால் ஆன உதவியைச் செய்யாமல் இருக்க முடியவில்லை. "ரைட் டர்ன்!" என்றார். "ரைட் டர்ன்! அபௌட் டர்ன்!" ஃப்ளோரன்ஸ் கண்ணை மூடிக்கொண்டு பம்பரமாகச் சுற்றினாள். துணி முழம் முழமாக அவிழ்ந்து அத்தையின் கைக்குப் போயிற்று. கடைசிச் சுற்றில் அவள் தலை கிறுகிறுத்து, பூசை உடுப்பு மாட்டியிருந்த அலமாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

கொடி ஏறிற்று. ஏறியதே தவிர விரியவில்லை. இத்தனை நாள் இடுப்பைச் சுற்றிக் கிடந்த பழக்கத்தில் அது சுருண்டு சுருண்டு, முறுக்கிப் பிழிந்த துண்டு மாதிரி உச்சியில் நின்றது. காற்றும் இல்லை. கோயில்பிள்ளை கயிற்றை உலுக்கினார். கயிறு கப்பியில் மாட்டிக்கொண்டது. ஜனம் முணுமுணுத்தது. கொடி விரியாவிட்டால் ஊருக்கு ஆகாது என்று யாரோ சொல்ல, லூயிசா அத்தை ஜெபமாலையை எடுத்துவிட்டாள்.

ஃப்ளோரன்ஸ் குழந்தையைப் புருஷன் கையில் கொடுத்தாள். அவருடைய கழுத்திலிருந்த விசிலைப் பிடுங்கி ஊதினாள். வேலிக்கு வெளியே இருந்த டிரில் படை விறைத்து நின்றது.

"புருஷன்மார்! உள்ளே வாங்க! கயித்தைப் பிடிங்க! ஒன்... டூ... புல்!"

வக்கீல் குமாஸ்தாவும் அத்தர் வியாபாரியும் மற்றவர்களும் ஓர் ஆளாக இழுத்தார்கள். கப்பி கீச்சிட்டது. கொடி ஒரு உதறு உதறி விரிந்தது. மாதாவின் நீல அங்கி தெரிந்தது, காலடியில் பிறை தெரிந்தது, பிறையின் மேல் பழுப்பாக ஒரு லேகியக் கறையும் தெரிந்தது. உரித்த பூண்டுப் பல் ஒன்று உச்சியிலிருந்து சாமியாரின் புத்தகத்தின் மேல் விழுந்தது. தொடர்ந்து பூண்டும் சுக்கும் நல்லெண்ணெயும் கலந்த வாசனை கோயில் முற்றமெங்கும் இறங்கிற்று. சாமியார் அந்தப் பல்லை எடுத்துப் பார்த்தார், ஃப்ளோரன்ஸைப் பார்த்தார். அவள் தலைகுனிந்து நின்றாள்.

"பிள்ளை பெத்தவளுக்கு ஆசீர்வாதம் தனியா வேண்டாம். கொடியோட சேர்த்தே ஆகிப்போச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜெபத்துக்குப் போனார்.

மறுநாளிலிருந்து, பிள்ளை பெற்ற பெண்கள் கொடி இரவல் கேட்டு லூயிசா அத்தையிடம் வரத் தொடங்கினார்கள். ஒரு பெண் கொடிமரத்தடியிலேயே குழந்தையோடு உட்கார்ந்துகொண்டு, கொடி இறங்கும் வரை காத்திருப்பேன் என்றாள். அத்தை பயந்துபோய்க் கதவைத் தாழ்ப்போட்டுக்கொண்டாள். ஃப்ளோரன்ஸ்தான் வாசலில் உட்கார்ந்து, கொடியில் ஒன்றும் இல்லை, மூச்சில்தான் இருக்கிறது என்று ஒவ்வொருத்திக்கும் சொல்லிப் பார்த்தாள். யாரும் நம்பவில்லை. சரி, மூச்சுப் பிடிக்கவாவது கற்றுக்கொள்ளுங்கள் என்று உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

லீவு முடிந்து அவள் பள்ளிக்கூடம் போனபோது பெல்ட் ஏறவில்லை. விரல்கடை இடைவெளிதான் பாக்கி, ஆனால் ஏறவில்லை. அதைக் கையில் சுருட்டி எடுத்துக்கொண்டு மதர் முன்னால் போய் நின்றாள்.

"குதிக்க முடியுமா?" என்றார் மதர்.

"முடியும் மதர்."

"சத்தம் போட முடியுமா?"

ஃப்ளோரன்ஸ் போட்டுக் காட்டினாள். மேஜை மேல் இருந்த மைக்கூடு நகர்ந்தது. மதர் எழுந்து அலமாரியைத் திறந்து, கன்னியாஸ்திரீகள் இடுப்பில் கட்டுகிற கயிறு ஒன்றை எடுத்து நீட்டினார். "இதில் ஓட்டை கிடையாது. பெருத்தாலும் பொருந்தும், சிறுத்தாலும் பொருந்தும். எங்களுக்கு இத்தனை நாள் எப்படி ஓடுகிறது என்று நினைத்தீர்?" என்றார். டீச்சர் பாதி கன்னியாஸ்திரீ ஆகிவிட்டார் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் கயிற்றைப் பார்த்த ராஜநாயகம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதன் பிறகு ஃப்ளோரன்ஸுக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இடுப்பு பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை. அவளும் அளந்து பார்ப்பதை விட்டுவிட்டாள். புருஷன்மார் டிரில்லில் பலிதமானவர்களும் உண்டு, ஆகாதவர்களும் உண்டு. ஷரஃபுதீனின் மனைவி ஷம்ஷாத் இரட்டைப் பிள்ளை பெற்றாள். அவர் பயந்துபோய் அன்றோடு ஓடுவதை நிறுத்தினார். சந்திரமௌலியின் மனைவி வேம்புக்கு வெகுநாள் கழித்துப் பிள்ளை பிறந்தது. பிறந்து ஐந்தாறு மாதம் ஆனதும் அவள் ஒன்பது கஜப் புடவையோடு ஒருநாள் விடியற்காலையில் ஃப்ளோரன்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"மாமி, ஆத்துல குழந்தையை அவர் பாத்துண்டிருக்கார். பிள்ளை பெத்தவா நடக்கணும்னு சொல்றேளாமே, வந்துட்டேன்."

இருவரும் கரையோடு அடையாறு கடலில் சேருகிற இடம் வரைக்கும் நடந்தார்கள். திரும்பி வருகையில் வேம்பு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மாமி, நான் பொறந்ததுலேர்ந்து குதிச்சதே இல்ல. ஒரே ஒரு தடவை குதிக்கட்டுமா? யாராவது பாத்தா என்ன சொல்றது?"

ஃப்ளோரன்ஸ் அவளைத் தண்ணீர் ஓரமாக அழைத்துப் போனாள். "அலை வரும்போது குதி. யாராவது கேட்டா, அலைக்குப் பயந்து குதிச்சோம்னு சொல்லிக்கலாம்."

அலை வந்தது. வேம்பு புடவையை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு, சின்ன அலைதான் அது, அதற்குத் தேவையே இல்லாத உயரத்துக்குக் குதித்தாள்.